அட்டவணையில் இல்லாத ஊர்

தாதரில் உள்ள என் அறையிலிருந்து ஆரேவுக்குச் செல்ல இப்போது ஒரே வண்டி போதும். 2025 மே மாதம் தாதரைத் தொட்ட நிலத்தடி மெட்ரோவில் ஏறினால் அதன் வடமுனையான ஆரேவில் இறங்கலாம். முன்பு கோரேகாவ் வரை புறநகர் ரயிலில் நெரிசலில் நின்று, பிறகு பேருந்துக்குக் காத்திருந்து சென்ற எனக்கு இது பெரிய வசதி. அந்த வண்டிகளுக்கான பணிமனை ஆரேவில்தான் இருக்கிறது. அது எழுவதற்காகப் பிரஜாப்பூர் பாடா என்னும் வார்லிப் பழங்குடியினரின் குடியிருப்பிலிருந்து குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன. ஆய்வேட்டுக்காக நான் சென்றுவரும் பாடாவும் அதே நிலப்பரப்பில் உள்ளதுதான். அதன் பெயரை இங்கே எழுதவில்லை; காரணம் இப்பதிவின் இறுதியில் விளங்கும்.

ஆய்வேட்டின் இரண்டாம் இயலுக்கு 'நிலவியலும் மக்கள்தொகையும்' என்று தலைப்பிட்டிருந்தேன். சமூகவியல் ஆய்வேடுகளில் வழக்கமாக ஒரு வாரத்தில் எழுதி முடித்துவிடும் இயல் அது. எல்லைகள், மண், மழை, பயிர், பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து ஓர் அட்டவணை. எனக்கு அந்த இயல் ஓராண்டுக்கு மேல் பிடித்தது. ஏனெனில் அட்டவணையில் அந்த ஊர் இல்லை.

நிலவியலை எழுதுவது எளிதாகவே இருந்தது. கிழக்கே சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் காடு. அதன் தென்பகுதியில் 1860-இல் கட்டி முடிக்கப்பட்ட விஹார் ஏரி. மேற்கே மேற்கு விரைவு நெடுஞ்சாலை. நடுவே அலையலையாக மேடும் பள்ளமும். பள்ளங்களில் மழைநீர் தேங்கும் சிறு வயல்கள். அங்கே ஆனி, ஆடியில் நெல் நடுகிறார்கள். மேட்டில் பலா, மா, நாவல், பனை. வீட்டையொட்டிக் காய்கறிப் பாத்திகள். சிறுத்தை வந்து போகும் வழியில் வாக்தேவனின் கல். முதன்முறை சென்றபோது அங்குள்ள மூதாட்டி ஒருவர் ஓடையோரம் பறித்த இரண்டு கீரைகளைக் காட்டி, டாக்ளா, குர்டு என்றார். ஒன்று நம் தகரை, மற்றது பண்ணைக்கீரை. திருநெல்வேலிப் புன்செய்க் காட்டில் என் பாட்டி பறித்த அதே கீரைகள். அவரை அன்றுமுதல் மாவ்ஷி என்றே அழைக்கிறேன்.

மக்கள்தொகையில்தான் சிக்கல். நம் நாட்டில் கணக்கெடுப்பின் ஊரக அலகு வருவாய்க் கிராமம். அதற்கு எல்லை உண்டு, குறியீட்டு எண் உண்டு. அக்கிராமத்துக்குள் அடங்கிய பட்டிகளும் குக்கிராமங்களும் தனியே எண்ணப்பட்டாலும் தனியே வெளியிடப்படுவதில்லை. நகரத்தில் அலகு வார்டு. கணக்கெடுப்பாளர் ஒருவருக்குப் பிரித்துத் தரப்படும் வட்டாரத்தில் ஏறத்தாழ 650 முதல் 800 பேர் வரை இருப்பர்; அந்த எண்கள் வார்டின் கூட்டுத்தொகைக்குள் கரைந்துவிடும். 2011 கணக்கெடுப்பின்படி மும்பையின் இரு மாவட்டங்களிலும் சேர்த்து 1,24,42,373 பேர். பாடாவின் மக்கள் அனைவரும் அந்த எண்ணுக்குள் இருக்கிறார்கள். ஆனால் பாடா அதில் இல்லை.

அமெரிக்க ஆய்வுகளைப் படிக்கும்போது இவ்வேறுபாடு கண்ணில் உறுத்தும். தனக்கென நகராட்சியோ ஊராட்சியோ இல்லாத, நாலு பண்ணை வீடும் ஒரு கடையும் கொண்ட சிற்றூர்களையும் அந்நாட்டுக் கணக்கெடுப்பு 1950 முதல் ஒரு வகையாக வரையறுத்து, தகுதி பெற்றவற்றுக்குப் பெயரும் எண்ணும் தருகிறது. ஆட்சி அமைப்பு இல்லாத இடமும் இடமே என்பது அதன் பொருள். இங்கோ ஆட்சி அலகாக இல்லாதது புள்ளிவிவர அலகாகவும் இருப்பதில்லை.

பாடா ஏன் ஆட்சி அலகாகவில்லை என்பதற்கு வரலாறு உண்டு. நகரத்துக்குள் இருந்த எருமைத் தொழுவங்களை வெளியேற்றுவதற்காக 1949-இல் ஆரே பால் குடியிருப்பு உருவாக்கப்பட்டது. ஏறத்தாழ 1,287 ஹெக்டேர்; 32 தொழுவங்கள்; பதினாறாயிரம் கால்நடைகளுக்கு இடம். நிலம் அரசின் பால்வளத் துறைக்குச் சென்றது. நிலத்தின்மேல் இருந்த பாடாக்கள் அங்கேயே இருந்தன. 1957-இல் பம்பாய் மாநகர எல்லை வடக்கே விரிந்தபோது கோரேகாவ் நகருக்குள் வந்தது. நகரானபின் ஊராட்சி இல்லை, கிராமசபை இல்லை. 1977-இல் திரைப்பட நகருக்கும் அதே நிலத்திலிருந்து இடம் பிரிந்தது. இன்று ஆரேவில் 27 பாடாக்கள் இருப்பதாகப் பொதுவாகச் சொல்வர்.

எண் இல்லையென்றால் நானே எண்ணிவிடலாம் என்று துணிந்தேன். இரு வாரங்கள் வீடு வீடாகச் சென்றேன். முடித்ததும் மாவ்ஷியிடம் என் குறிப்பேட்டைப் பெருமையோடு படித்துக்காட்டினேன். கேட்டுவிட்டு, "வயலை எண்ணினாயா, பேட்டா?" என்றார்.

"மக்கள்தொகைதானே மாவ்ஷி, வயல் எதற்கு?"

"வயலை விட்டுவிட்டு வீட்டை மட்டும் எண்ணினால் அது சோப்படா கணக்கு."

சோப்படா என்றால் குடிசை. அவர் சொன்னதன் முழுப் பொருள் அன்று எனக்கு எட்டவில்லை. பிறகு சட்டங்களைப் படித்தபோது எட்டியது. ஒரே வீடு, பார்க்கும் அலுவலகத்தைப் பொறுத்து மூன்று பொருளாகிறது. பால்வளத் துறையின் நிலப்பதிவில் அது அரசு நிலத்தில் உள்ள ஆக்கிரமிப்பு. குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் அது ஒரு குடிசை. 2000 ஜனவரி 1-க்கு முன்பு இருந்ததாக நிறுவினால் அடுக்குமாடியில் 300 சதுர அடிக் குடியிருப்பு ஒன்று கட்டணமின்றிக் கிடைக்கும். 2006-இன் வன உரிமைச் சட்டத்தில் அதுவே உழவர் குடும்பம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அங்கு உழுது வாழ்ந்த பழங்குடியினர் என்று காட்டினால் நிலத்தின்மேல் உரிமை கோரலாம். ஆனால் அக்கோரிக்கை கிராமசபையிலிருந்து தொடங்க வேண்டும். ஊர் என்று எழுதப்படாத இடத்தில் எந்தச் சபையைக் கூட்டுவது? 2020-இல் ஆரேவின் ஏறத்தாழ 800 ஏக்கரைக் காப்புக்காடாக அறிவிக்க மாநில அரசு முற்பட்டபோதும் இதே கேள்விதான் பாடாக்களில் எழுந்தது.

வீடுகளை மட்டும் எண்ணிய என் குறிப்பேடு, நான் அறியாமலேயே, முந்நூறு சதுர அடிக்கான சான்றாக ஆகியிருந்தது. அடுக்குமாடியில் பலா மரத்துக்குக் கணக்கில்லை. நெல் வயலுக்கு ஈடு இல்லை.

தாராவியில் வளர்ந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். என் தாத்தா தலைமுறையினர் திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள். தாராவியின் மக்கள்தொகையை மூன்று லட்சம் என்பாரும் உளர், பத்து லட்சம் என்பாரும் உளர். 2024 முதல் அங்கு வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடந்தபோது, கதவில் எண் எழுதப்பட்டதா இல்லையா என்பதே எங்கள் உறவினர்களிடையே பேச்சாக இருந்தது. எண்ணப்படுதல் ஓர் அச்சம், எண்ணப்படாமல் விடுபடுதல் அதைவிடப் பெரிய அச்சம். அதை உள்ளூர அறிந்தவனாக இருந்தும் குறிப்பேட்டோடு பாடாவுக்குள் நுழைந்தபோது, எண்ணுவது குற்றமற்ற செயல் என்றே நம்பியிருந்தேன்.

கணக்கெடுப்பின் வரையறைகளிலும் இத்தகைய பொறிகள் உண்டு. 2011-இன் வரையறைப்படி, சொந்தமாகவோ, அரசிடமிருந்து பெற்றோ, வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுத்தோ நிலத்தை உழுபவரே உழவர். பரம்பரையாக உழுதும் எந்தத் தாளும் இல்லாதவர் எந்தக் கட்டத்தில் வருவார்? தென்னையையும் பாக்கையும் வளர்ப்பது அவ்வரையறையில் உழவே ஆகாது. நெல் வயல்களும் தென்னந்தோப்புகளுமாக இருந்த பழைய தாதர், மாதுங்காவின் தோப்புக்காரர்களை இன்றைய படிவத்தில் நிரப்பினால் அவர்களில் பலர் உழவர் என்று பதிவாகமாட்டார்கள். 1896-இன் பிளேக் நோய்க்குப் பின், 1898-இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை அவ்வயல்களைக் கையகப்படுத்தி, நேர்த்தெருக்கள் போட்டு, மனைகளாக்கியது. அம்மனைகளில்தான் தமிழ் நடுத்தர வகுப்பு குடியேறிற்று. என் அறையும் அங்கேதான் இருக்கிறது. நம்மவர்கள் பாலாஜியை வழிபடச் செல்லும் பணஸ்வாடியின் பெயருக்குப் பலாத்தோப்பு என்று பொருள். இந்நகரில் தோப்பு போனபின்னும் பெயர் எஞ்சியிருப்பதுண்டு. ஆரேவின் பாடாக்களில் இன்னும் தோப்பு இருக்கிறது. பெயர்தான் பதிவேட்டில் இல்லை.

சென்ற மழைக்காலத்தில் குறிப்பேட்டை மீண்டும் எடுத்துச் சென்றேன். இம்முறை ஒரு முற்றத்தில் அமர்ந்து ஊராரே கட்டங்களைத் தீர்மானித்தார்கள். வயல், பயிர், காய்க்கும் மரம், கிணறு, சுடுகாடு ஆகியவை சேர்ந்தன. விவாதமும் வந்தது. சில வீட்டார் அறை கட்டி, உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அவர்களை எண்ணினால் பாடா குடிசைப்பகுதி போலத் தோன்றும் என்றார் ஓர் இளைஞர். எண்ணாவிட்டால் நமக்கு நேர்ந்ததை நாம் அவர்களுக்குச் செய்வதாகும் என்றார் இன்னொருவர். இறுதியில் அவர்களுக்குத் தனிக் கட்டம் போடுவதென்றும், வாடகை வீடுகள் எவை என்பதை எழுதுவதில்லை என்றும் முடிவாயிற்று. நான் படித்த ஆய்வு முறையியல் நூல்கள் எனக்கு இந்த முடிவைக் கற்றுத்தரவில்லை.

தாளின் தலைப்பில் பாடாவின் பெயரை எழுதினார்கள். மராத்தியில் ஒரு படியை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். இன்னொரு படி என்னிடம் இருக்கிறது. அதிலுள்ள எண்ணை எப்போது, எந்த அலுவலகத்தின் முன் வைப்பது என்பதை அவர்கள் முடிவு செய்யும்வரை நான் வெளியிடப்போவதில்லை. ஆய்வேட்டுக் குழுவில் ஒருவர், மக்கள்தொகை இல்லாத மக்கள்தொகை இயலா என்று கேட்டார். அந்த இயலில் இப்போது எண்ணுக்குப் பதில், அந்த எண் உருவான கதை இருக்கிறது. அது போதுமா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. இத்துறையில் உள்ள நண்பர்கள் கருத்துரைத்தால் நன்றியுடையவனாவேன்.

ஒரு வேண்டுகோள். 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கெடுப்பின் தரவுகள் விரைவில் நம் கணினிகளுக்கு வரும். வார்டு வாரியான நிரல்களை இறக்கிப் பகுப்பாய்வு செய்யப்போகிறோம். நீங்கள் ஆய்வு செய்யும் வார்டுக்குள்ளோ வருவாய்க் கிராமத்துக்குள்ளோ தன்னை ஓர் ஊர் என்று அழைத்துக்கொள்ளும் இடம் ஏதேனும் இருக்கிறதா என்று ஒருமுறை நேரில் சென்று கேளுங்கள். என் தாத்தாவின் ஊரும் அத்தகையதே என்பதை நான் அண்மையில்தான் கண்டேன். திருநெல்வேலி மாவட்டத்தின் கிராமப் பட்டியலில் அது இல்லை. வேறொரு கிராமத்தின் எண்ணுக்குள் கிடக்கிறது.

மழைக்காலத்தில் தாதர் ரயில் நிலையத்துக்கு வெளியே பழங்குடிப் பெண்கள் கீரை விற்பார்கள். இவ்வாரம் ஒரு கட்டு தகரை வாங்கினேன். எந்த ஊர் என்று கேட்டேன். அந்த அம்மையார் முதலில் தாலுகாவின் பெயரைச் சொன்னார். நான் நகராமல் நின்றதைக் கண்டு, சற்றே சிரித்து, தம் பாடாவின் பெயரைச் சொன்னார்.