உதைகால் கொடுத்த தேவாலயம்

நார்வேயின் மேற்குக் கரையில் ஆவெரோயா என்றொரு தீவு. அங்கே க்வெர்னெஸ் என்ற ஊரில் கடலைப் பார்த்தபடி ஒரு பழைய லூத்தரன் தேவாலயம் நிற்கிறது. முழுக்க மரம். தச்சுவேலையில் இருக்கும் எனக்கு அதன் அடிச்சட்டத்தை விட்டுக் கண் எடுக்க மனம் வராது.

அந்த நாட்டில் முதலில் தூண்களை மண்ணில் நட்டுத்தான் தேவாலயம் கட்டினார்கள். மண்மட்டத்தில் ஈரம் ஏறி, தூண் இற்றுப்போகும். பிறகு கல் வரிசைமேல் கனத்த கிடைமரம் போட்டு, அதன்மேல் தூணை நிறுத்தக் கற்றுக்கொண்டார்கள். சுவர்ப்பலகைகளை நெட்டாக நிறுத்தி, கிடைமரத்தில் வெட்டிய காடியில் இறக்கினார்கள். மரம் நனையும், காற்றில் உலரும். வைரம் பாய்ந்த பைன் மரத்துக்குக் காலாகாலத்தில் தார் பூசிவந்தால் நூற்றாண்டுகள் தாங்கும். வெயில் விழும் தெற்குச் சுவர் தாரைச் சீக்கிரம் இழக்கும். அதை அடிக்கடி கவனிக்க வேண்டும்.

க்வெர்னெஸின் தனி அழகு வெளியே இருக்கிறது. அட்லாண்டிக் காற்று தள்ளும் என்று தெரிந்து, சுவருக்கு வெளிப்புறம் சாய்வாக உதைகால்கள் கொடுத்திருக்கிறார்கள். ஆவெரோயா இருக்கும் மூர பகுதித் தச்சர்களின் வழக்கம் இது. மழையை அதிகம் வாங்கும் உதைகால் இற்றாலும், தூணைத் தொடாமல் அதை மட்டும் மாற்றிவிடலாம். இப்படி யோசித்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இது இடைக்காலக் கட்டடம் என்றே நெடுநாள் நம்பினார்கள். மரத்தின் வளர்ச்சி வளையங்களை ஆராய்ந்தபோது கதை மாறியது. ஈரமும் வெப்பமும் ஆண்டுக்காண்டு மாறுவதால் வளையங்களின் அகலமும் மாறும். காலம் தெரிந்த மரங்களோடு அந்த வரிசையைப் பொருத்திப் பார்க்கலாம். பட்டையை ஒட்டிய கடைசி வளையம் மிஞ்சியிருந்தால் வெட்டிய பருவமே தெரியும். க்வெர்னெஸ் மரங்கள் 1631-32 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை!

முந்நூறு ஆண்டு வயது குறைந்துவிட்டதே என்று சிலர் வருந்தலாம். எனக்கு மகிழ்ச்சிதான். நார்வே லூத்தரன் நாடாகி ஒரு நூற்றாண்டு ஆகியிருந்தது. கட்டைகளைக் கிடையாக அடுக்கிக் கட்டும் முறை எங்கும் பரவியிருந்தது. அப்போதும் இந்தக் கரையில் தூண் நிறுத்திக் காடியிறக்கும் வேலை கைவிட்டுப் போகவில்லை. அதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

1893இல் பக்கத்திலேயே புதிய தேவாலயம் எழுந்தது. நல்லவேளை, பழையதை இடிக்கவில்லை. இடித்திருந்தால் எண்ணிப் பார்க்க வளையங்களே இருந்திருக்காது.