லென்சுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி

பழைய சாஃப்ட் போகஸ் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு முதல் எதிரி பினாங்கு வெயில்தான்.

என்னிடம் இருப்பது 1978-இல் மினோல்டா வெளியிட்ட 85 மில்லிமீட்டர் வேரிசாஃப்ட். இந்த வகை லென்சில் நடுவில் நுழையும் கதிர்களும் ஓரத்தில் நுழையும் கதிர்களும் ஒரே புள்ளியில் சேராது. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். கூர்மையான உருவத்தின்மேல் மங்கலான இன்னோர் உருவம் படிந்து, வெளிச்சம் கசிவதுபோல் தெரியும்.

ஓரக் கதிர்கள் வேண்டுமென்றால் துளை அகலத் திறந்திருக்க வேண்டும். எஃப் 8-க்குச் சுருக்கினால் மென்மை பெரும்பாலும் போய்விடும்; பிறகு அது சாதாரண லென்ஸ்தான். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 பிலிமுக்கு எஃப் 16-இல் 1/125 வினாடி போதும். எஃப் 2.8-க்குத் திறந்தால் 32 மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். 1/4000 வினாடி தேவைப்படும். என் பழைய கேமராவோ 1/1000-உடன் நின்றுவிடுகிறது. மிச்சமுள்ள நான்கு மடங்கை 'என்டி 4' என்ற சாம்பல் நிற பில்டர் விழுங்கிக்கொள்ளும். லென்சுக்கு மாட்டிவிடும் கறுப்புக் கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் மாட்டியதும் வியூஃபைண்டர் இருண்டுவிடும். கூர்மை பார்த்த பிறகு, போகஸ் வளையம் நகராமல் மெதுவாகத் திருக வேண்டும்.

சிலர் இந்த லென்சின்மேல் மங்கலாக்கும் பில்டரையும் மாட்டுகிறார்கள். செண்டோலில் இன்னும் சீனி கொட்டுகிற மாதிரிதான்.

இவ்வளவு பாடும் அம்மாவுக்காக. அவர் கன்னத்தில் சிறுவயது அம்மைத் தழும்பு உண்டு. கைப்பேசி பில்டர் முதலில் துடைப்பது அதைத்தான். தீபாவளிக்குத் தம்பி எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாருடா? என் சேலையைக் கட்டிக்கிட்டு நிக்கிறா?" என்றார். பிறகு, சிரிக்காமல், "நாளைக்கு மாலை போடுற படத்துலயாவது நான் இருக்கணும்" என்றார். எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தவரை வெயிலிலேயே நிறுத்தி எடுத்தேன். மல்லிகைச் சரமும் மூக்குத்தியும் ஒளியில் ஊறியிருந்தன. தழும்பு அதன் இடத்தில் இருந்தது. அம்மா படத்தை வாங்கி, பீரோவில் நகைப்பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

அடுத்து பெரியம்மாவின் முறை. அவருக்குக் கறுப்பு வெள்ளைப் படம்தான் வேண்டுமாம். ஆரஞ்சு பில்டர் போட்டால் அதுவும் ஏறக்குறைய நான்கு மடங்கு வெளிச்சத்தைக் குறைக்கும். கணக்குச் சரியாக வரும். ஆனால் கறுப்பு வெள்ளையில் அது தோலை வெளுத்துக் காட்டும். பெரியம்மா நல்ல கறுப்பு. சாம்பல் பில்டரையே துடைத்து வைத்திருக்கிறேன்.