இளைத்த பிறகு

மலேசியாவில் பெடாஸ் பக்கத்துத் தோட்டங்களில், முயன்று 30, 40 கிலோ எடை குறைத்த ஒரு பெண் கோயில் திருவிழாவுக்கு வந்தால், உறவுக்காரர்கள் வாயில் முதலில் வருவது, "என்னம்மா இப்படி வத்திப் போயிட்ட, இனிப்பு நீரா?" என்று சர்க்கரை நோயை ஐயப்படும் கேள்விதான். கேட்பவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலேரியாவும் காசநோயும் லயத்து வீடுகளில் ஆளை உருக்கிய காலம் இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று நாளைக் கடத்தினார்கள். 1942-43இல் சயாம் மரண ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பிழைத்தவர்கள் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். இதையெல்லாம் கண்ட சமூகத்துக்குப் பூசினாற்போன்ற உடம்பு நிம்மதி. ஒட்டிய கன்னம் கவலை. வெளியுலகமோ எடைக் குறைப்பை வெற்றிக் கதையாகவே பேசுகிறது. நோயாகப் பார்த்தாலும் வெற்றியாகப் பார்த்தாலும் அவள் மனம் கணக்கில் வருவதில்லை. பெரிய அளவில் இளைப்பது உடம்புக்கு ஆதாயம். ஆனால் அதில் மெய்யான இழப்பும் உண்டு. அந்த இழப்பை வீடு ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

வயிற்றிலும் மேற்கையிலும் தோல் தொங்குகிறது. மடிப்புகளில் வேர்வை தங்கிப் புண்ணாகிறது. கல்யாண மோதிரம் கழன்று விழாமலிருக்க நூல் சுற்ற வேண்டியிருக்கிறது. கண்ணாடியில் தெரியும் முகம் வயது கூடிய வேறொருத்தியின் முகமாக இருக்கிறது. பந்தியில் அக்கா கொண்டுவரும் இரண்டாவது கரண்டிச் சோற்றுக்கு இலைமேல் கையை வைத்து மறைத்தால், அக்காவையே வேண்டாமென்றதுபோல் ஆகிவிடுகிறது. இவற்றையெல்லாம்விடக் கசப்பானது ஒன்று உண்டு. முன்பு கண்டும் காணாமல் போனவர்கள் இப்போது நின்று, சிரித்து, மரியாதையாகப் பேசுகிறார்கள். அந்தப் பழைய உடம்போடு இருந்தவளுக்கு இந்த மரியாதை ஏன் கிடைக்கவில்லை என்று அவள் யோசிக்கிறாள். பாராட்டே அவளைப் புண்படுத்துகிறது.

மனத்தைத் திடப்படுத்திக்கொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். அது அவ்வளவு எளிதல்ல. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். எடையில் ஏறக்குறைய கால் பங்கு குறைந்தபோது அவர்கள் எரிந்து விழுந்தார்கள், சோர்ந்து போனார்கள், எந்நேரமும் சாப்பாட்டையே நினைத்தார்கள். அவர்கள் ஒல்லியான ஆட்கள், பருத்தவர்களுக்கு அது பொருந்துமா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. 2011இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று அதிக எடை கொண்ட 50 பேரை எடுத்துக்கொண்டது. 10 வார உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைந்தவர்களுக்குப் பசியை ஆளும் ஹார்மோன்கள் பல ஓராண்டு கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. ஆக, இளைத்தவளின் எரிச்சலுக்கும் அழுகைக்கும் பின்னால் உடம்பும் இருக்கிறது. அதைத் திமிர் என்றோ மனவுறுதி இல்லாமை என்றோ சொல்வது அநியாயம்.

இனிப்பு நீர் காலை எடுக்கும் ஊரில் இந்தத் துக்கமெல்லாம் ஆடம்பரம் இல்லையா என்ற மறுப்பு வலுவானது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். எடை குறைய வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே கிடையாது. ஆனால் குறைந்த எடை நிலைப்பதுதான் கடினம். வீட்டில் ஒவ்வொரு வேளையும் சண்டை, வெளியில் ஒவ்வொரு கண்ணிலும் சந்தேகம் என்றால், பழைய தட்டுக்கும் பழைய உடம்புக்கும் திரும்புவதே அவளுக்கு ஆறுதலாகத் தோன்றும். பாசத்தில்தானே கேட்கிறோம் என்பதும் உண்மை; அந்தப் பாசம் இரண்டாவது கரண்டியை வற்புறுத்தாமலும் இருக்க முடியும். கிளினிக்கில் போகும்போதெல்லாம் எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் அட்டையில் எழுதுகிறார்கள். தூக்கம் வருகிறதா, வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க இரண்டு நிமிடம் போதும். பதிலையும் அதே அட்டையில் எழுதலாம். அடுத்த முறை கணவரையோ அக்காவையோ கூட்டிவரச் சொல்லலாம்.