நாகலாபுரத்தில் ஒரு பல் வண்டி

ஊத்துக்கோட்டை தாண்டி, சுருட்டப்பள்ளி வழியாகப் புத்தூர் போகும் சாலையில் இருக்கிறது நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாதேவியின் பெயரில் அமைத்த ஊர் என்பார்கள். வேதநாராயண சுவாமி கோயிலும் அவர் கட்டியதுதான். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்தப் பக்கத்தில், ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாசலில் நின்ற பல் மருத்துவ வண்டியைப் பார்க்கப் போயிருந்தேன்.

வண்டி வாங்க நினைப்பவர்கள் முதலில் நாற்காலியைத்தான் விசாரிப்பார்கள். அங்கிருந்த உதவியாளர் பெண்ணோ என்னைப் பின்மூலைக்கு அழைத்துப்போய், கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவைக் காட்டினார். “இது எத்தனை தடவை ஓடுதோ, அத்தனை பேருக்குத்தான் சார் வைத்தியம்.”

121 டிகிரி செல்சியஸ் நீராவியில் 15 நிமிடம், அல்லது 134 டிகிரியில் 3 நிமிடம். கிருமி சாக இவ்வளவு வேண்டும். சூடேறி, காய்ந்து, ஆறும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு அரை மணிக்கு மேல் ஆகிவிடும். பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது. அது நிற்கும்போது எச்சிலும் ரத்தமும் அதன் உள்குழாய்க்குள் ஏறிவிடும். வெளியே ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அது போகாது. ஆகவே ஆளுக்கொரு ஹேண்ட்பீஸ் வேண்டும். நாற்காலி இரண்டும் ஹேண்ட்பீஸ் இரண்டும் மட்டுமே இருந்தால், வாசலில் வரிசை நீள நீள, துடைத்துவிட்டு அடுத்தவருக்கு எடுக்கத் தோன்றும். ஒரு நாற்காலியைக் குறைத்து, அந்தப் பணத்தில் ஹேண்ட்பீஸும் பல் பிடுங்கும் ஃபோர்செப்ஸும் கூடுதலாக வாங்குவதே சரி.

அடுத்தது கரண்ட். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும். அதே நேரம் ஆட்டோகிளேவும் சூடேறினால் சின்ன ஜெனரேட்டர் தாங்காது. எது எப்போது ஓடலாம் என்று அந்தப் பெண் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார். கம்ப்ரசர் எண்ணெய் போடாத ரகமாக இருக்க வேண்டும். காற்றோடு வரும் எண்ணெய்ப் பிசுக்கு, அடைப்பைப் பல்லில் ஒட்டவிடாது. ஆட்டோகிளேவுக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து பழுதாகிவிடும்.

கரண்டே வேண்டாத வைத்தியமும் உண்டு. 1980களின் நடுவில் தான்சானியாவில் உருவான முறை இது: கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்து, கிளாஸ் அயனோமர் சிமெண்டால் அடைப்பது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இந்தச் சிமெண்டையும், சொத்தை பரவாமல் நிறுத்தும் சில்வர் டயமைன் ஃப்ளோரைடையும் சேர்த்தது. டிரில் சத்தத்துக்கு மிரளும் பிள்ளைகளுக்கு டாக்டர் இதைத்தான் செய்தார். “அவ்வா, நீங்க கொஞ்சம் இருங்க, செட்டு வெந்துட்டு இருக்கு” என்று பல் பிடுங்க வந்த பாட்டியை உதவியாளர் உட்கார வைத்தார். பாட்டியும் காத்திருந்தார்.

பல் வண்டி வாங்கித் தர முன்வரும் நல்ல மனிதர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பட்டியல் போடும் முன், கருவிகளைக் கழுவும் கைகளைக் கேளுங்கள். காசு கட்டி வருபவருக்கு ஒரு சுத்தம், முகாமுக்கு வருபவருக்கு ஒரு சுத்தம் என்று வைத்தியத்தில் இரண்டு கிடையாது.