பொன் அரங்கில் நின்றபடி

வியன்னா போனபோது மியூசிக்ஃபெரைன் இசை அரங்குக்குப் போனோம். நாங்கள் வாங்கியது நின்று கேட்கும் மலிவுச் சீட்டு. 1870 ஜனவரி 6 அன்று திறக்கப்பட்ட அரங்கம். சுவரோரம் வரிசையாகப் பொன்னிறப் பெண் சிலைகள். 'பொன் அரங்கு' என்று ஊரே சொல்வது சரிதான்.

அன்று வாசித்தது வியன்னா ஃபில்ஹார்மோனிக். அவர்களுடைய டிம்பானி முரசுகளுக்கு இன்றும் ஆட்டுத்தோல்தான் கட்டுகிறார்கள். தோல் என்றதும் எங்களுக்கு ஊர் நினைவு வந்துவிட்டது. அங்கே மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தி, வார் இழுத்துக் கட்டுபவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். மேடையில் அமர்ந்து வாசிப்பவர் வேறு சாதி. இங்கே அப்படியில்லையே என்று பொறாமைப்பட்டோம்.

அவசரப்பட்டுவிட்டோம். இந்த இசைக்குழு 1997 வரை ஒரு பெண்ணைக்கூட உறுப்பினராகச் சேர்த்ததில்லை. ஹார்ப் கலைஞர் அன்னா லெல்கெஸ் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உறுப்பினர் உரிமை இல்லாமலே அவர்களோடு வாசித்தார். 'மரபு கெடும், எங்கள் தனித்த ஒலி மாறும்' என்றார்கள். இந்த வாதம் நமக்குப் பழக்கமானதுதானே! அமெரிக்கப் பயணத்தில் போராட்டம் காத்திருக்கிறது என்ற நிலை வந்த பிறகே கதவு திறந்தது. அதுவரை 127 ஆண்டுகள் அந்த அரங்கில் பெண்கள் சிலையாக நின்றார்கள்.

அதைவிடக் கொடியது 1938. ஆஸ்திரியாவை ஹிட்லர் இணைத்துக்கொண்டதும் குழுவின் யூதக் கலைஞர்கள் வெளியேற்றப்பட்டனர். 1881 முதல் முதல் வயலின் தலைவராக இருந்த அர்னால்ட் ரோசேயும் அவர்களில் ஒருவர். லண்டனுக்குத் தப்பி, 1946இல் அங்கேயே இறந்தார். அவர் மகள் அல்மா, ஆஷ்விட்ஸ் முகாமில் கைதிப் பெண்களின் இசைக்குழுவை நடத்தி, 1944இல் அங்கேயே மாண்டார். 1942இல் ஃபில்ஹார்மோனிக்கின் 123 பேரில் 60 பேர் நாஜிக் கட்சி உறுப்பினர்கள். பக்கத்து நாற்காலிக்காரர் காணாமல் போனபோதும் கச்சேரி நிற்கவில்லை.

இதெல்லாம் எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. பல ஆண்டுகள் பலர் விடாமல் கேள்வி கேட்டார்கள். கடைசியில் 2013இல் வரலாற்றாய்வாளர்கள் எழுதியதை அந்த இசைக்குழுவே தன் இணையதளத்தில் வெளியிட்டது. அந்த இசையின் அழகு இதனால் குறையவில்லை. நாங்களும் கைதட்டிவிட்டுத்தான் வந்தோம். ஆனால் அழகான இசை தந்தவர்கள் என்பதற்காக அவர்களிடம் கணக்குக் கேட்காமல் விட வேண்டியதில்லை.

தோழர்களே, நம் சபாக்களிடம் இந்தக் கணக்கை யார் கேட்டிருக்கிறோம்? அடுத்த முறை ஒரு கச்சேரிக்குப் போனால், அந்த மிருதங்கத்தைச் செய்தவர் பெயரைக் கேளுங்கள். அவர் அந்த அரங்கில் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள். கிடைத்த பதிலைத் தேதியோடு எழுதி வையுங்கள்.