படி இறங்கப் பழகுதல்

ஹவுன்ஸ்லோவில் நாங்கள் இருப்பது இரண்டு குடும்பம் சேர்ந்து இருக்கிற வீடு. காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஓடுகிற நேரம் பார்த்து நான் மாடிப்படியை மறித்துக்கொண்டு நிற்பேன். விரல் நுனியைப் படி விளிம்பில் ஊன்றி, நல்ல காலால் எழும்பி, வருத்தக் காலின் குதியை மெல்ல மெல்லக் கீழே இறக்க வேண்டும். 15 தரம், மூன்று முறை. பின்னேரமும் அப்படியே. மொத்தம் 12 கிழமை.

பக்டரியில் நாள் முழுக்கச் சீமெந்துத் தரையில் நின்று பெட்டி அடுக்குகிற வேலை. குதிக்கு மேலேயுள்ள தசைநாண் தடித்து, விடியப்புறம் கால் ஊன்ற முடியாமல் வந்துவிட்டது. ஏஜென்சி வேலை, நிற்க முடியாதவனுக்கு ஷிப்ட் இல்லை.

இயன்மருத்துவர் இந்தப் பயிற்சியைச் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பாரம் தூக்கிப் பழகியவனுக்கு இறங்குவதும் ஒரு பயிற்சியா? இரண்டாம் நாள் கெண்டைக்கால் உளைந்த உளைவில் பயந்துபோய் விட்டுவிட்டேன். ஒரு மாதம் வீணாய்ப் போனது.

அடுத்த முறை அவர் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். நான் விளங்கிக்கொண்டதை எங்கள் ஊர்க் கிணற்றடியில் வைத்துச் சொல்கிறேன். நிறைந்த வாளியைக் கையை மடக்கித் தூக்கும்போது புயத்தசை சுருங்கிக் கட்டையாகிறது. தூக்கியபடி நின்று கதைத்தால் தசை நீளம் மாறாமல் இறுகி நிற்கிறது. தளும்பாமல் மெல்ல இறக்கும்போதோ, தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. இந்த மூன்றாவதில்தான் தசைக்குப் பலம் கூட. பிராணவாயுச் செலவு குறைவு. பழக்கமில்லாதவனுக்கு ஓரிரு நாள் கழித்து உளைவதும் இதனால்தான். அது ஆபத்தான சேதம் என்று நான் நினைத்தது பிழை.

1952இல் இதே லண்டனில் இரண்டு சைக்கிள்களை முதுகுக்கு முதுகாக வைத்து ஒரே சங்கிலியால் பூட்டினார்களாம். ஒருவர் முன்னுக்கு மிதிக்க, மற்றவர் மிதியைத் தடுக்க வேண்டும். தடுத்தது ஒரு சிறிய பெண். மிதித்த பெரிய ஆண்தான் களைத்துப் போனார்! ரோயல் சொசைட்டியில் காட்டியபோது சபையில் ஒரே சிரிப்பாம்.

என் படிப் பயிற்சி சுவீடனிலிருந்து வந்தது. அல்பிரட்சன் என்ற வைத்தியர் 1998இல் குதிநாண் நோவுள்ள 15 ஓட்டக்காரருக்கு 12 கிழமை கொடுத்துப் பார்த்தார். அத்தனை பேரும் திரும்ப ஓடினார்கள். எல்லா நோவுக்கும் இது சரிவராது, கேட்டுத்தான் செய்ய வேண்டும். என்.எச்.எஸ்.ஸில் மொழிபெயர்ப்பாளரைக் காசில்லாமல் கேட்கலாம். நான் முதல் நாளே கேட்டிருந்தால் அந்த மாதம் மிஞ்சியிருக்கும்.

இப்போது ஒன்பதாம் கிழமை. காலையில் பிடித்துக்கொள்ளாமல் கட்டிலிலிருந்து இறங்குகிறேன். போன திங்கள் ஷிப்டும் கிடைத்தது.