மூன்றாவது மடிப்பு

பையைத் தண்ணீரில் அமுக்கிப் பார்த்துவிட்டதாக நான் சொன்னது பொய். கடலில் இறங்குவதற்கு முந்தின இரவு என் சிநேகிதன் கேட்டான். "எல்லாம் பாத்தாச்சு மாப்ள, நீ போய்ப் படு" என்று வாய் கூசாமல் சொன்னேன். மறுநாள் இரவு ஒரு மணிக்கு அவன் தென்னந்தோப்பு மணலில் கைகால் நடுங்கி, வேர்த்துக் கொட்டிக் கிடந்தான். அதற்கடுத்த நாள் காலையில் என் தப்புக்காக வேறொரு பையன் தலைகுனிந்து நின்றான். நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன், வாயைத் திறக்கவில்லை.

எனக்கு ஊர் திண்டுக்கல். பிழைப்பு ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில், ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுவது. அப்பா அதே மார்க்கெட்டில் முப்பது வருஷம் லோடுமேனாக இருந்தவர். முருங்கையும் தக்காளியும் பல்லாரியும் ஏற்றிக்கொண்டு பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகக் கேரளா போகும் லாரிக்கு அவர் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டினால், டிரைவர் இன்னொரு தடவை இழுத்துப் பார்க்க மாட்டார். இரண்டு தார்ப்பாய் சேரும் இடத்தில் முன்னால் இருப்பது பின்னால் இருப்பதன் மேல் ஏறியிருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் வண்டி வேகத்தில் காற்று உள்ளே புகுந்து தூக்கும், காற்றோடு மழையும் புகும். மேலடுக்கு மூட்டைகளின் வாய் கவிழ்ந்திருக்க வேண்டும். கட்டும் முடிச்சு இழுக்க இழுக்க இறுக வேண்டும், நுனியைச் சுண்டினால் அவிழ வேண்டும். பத்து வயதிலேயே இதெல்லாம் என் கைக்கு வந்துவிட்டது. ஆனி, ஆடியில் பாலக்காட்டு மழையைத் தாண்டி ஒரு மூட்டைகூட நனையாமல் சரக்கு இறங்கிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஈரம் படாமல் கட்டுவதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றே நினைத்திருந்தேன்.

ஆனால் அந்த வித்தை முழுக்க மேலிருந்து வரும் தண்ணீருக்கானது. எங்கள் பக்கம் வேறு தண்ணீர் ஏது? ஆத்தூர் காமராஜர் அணையில் தண்ணீர் இருந்தால் திண்டுக்கல்லுக்கு நிம்மதி, இல்லையென்றால் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்க வேண்டும். அப்படி வளர்ந்த ஐந்து பேர்தான் 2024 மாசியில், ராமநாதபுரம் மாவட்டத்துப் பாக் நீரிணைப் பக்கக் கடலில் கயாக் ஓட்டி, கரையில் ஒரு தோப்பில் ராத்தங்கிவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். யோசனை என் சிநேகிதனுடையது. அவன் விலங்கியல் வாத்தியார். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையையொட்டிய கடலை 2022இல் தமிழக அரசு கடல் பசுவுக்கான காப்பகமாக அறிவித்ததிலிருந்து, கடற்புல் மேலே ஒரு தடவையாவது துடுப்புப் போட்டுவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவ்வளவு வடக்கே போக எங்களுக்கு வசதிப்படவில்லை. புல் இங்கேயும் இருக்கிறது, அது போதும் என்றான். பதினாறு வயதிலிருந்து அவன் இன்சுலின் போட்டுக்கொள்கிறவன்.

கயாக் வாடகைக்கு விடும் இடத்தில் எங்களுக்குத் துணையாக ஒரு தம்பியை அனுப்பினார்கள். மீனவக் குடும்பத்துப் பையன், இருபத்திரண்டு வயது இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் இறங்க முடியாது, வாடைக்காற்று அடங்கினால் இது பெண் கடல், தெற்கே இருப்பதுதான் ஆண் கடல் என்று அவன்தான் சொன்னான். முந்தின நாள் சாயங்காலமே பைகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கட்டுவது எப்படி என்று என்னிடம் பொறுமையாகச் சொன்னான். பெரிய டிரை பேக் இரண்டு, சின்னது இரண்டு. "முக்கால் பைக்கு மேல திணிக்காதீங்கண்ணே. காத்தை அமுக்கி விட்டுட்டு, வாயை மூணு மடிப்பு மடிச்சு அப்பறம் கிளிப்பைப் போடுங்க. ரெண்டு மடிப்பு பத்தாது. கட்டினதும் அந்தத் தொட்டியில அமுக்கிப் பாருங்க. குமிழு வந்தா தண்ணியும் போகும்." நான் தலையை ஆட்டினேன். லாரி லோடு கட்டின கைக்கு ஒரு பையைக் கட்டச் சொல்லித்தருகிறானே என்ற எண்ணம் உள்ளே ஓடியது. அவன் சொன்னதில் பாதிதான் காதில் ஏறியது.

சிநேகிதன் தன் மருந்துப் பையைக் கொடுத்தான். இன்சுலின் பேனா இரண்டு, ஊசிகள், சர்க்கரை பார்க்கும் மீட்டர், ஸ்டிரிப் டப்பா, குளுக்கோஸ் பாக்கெட். "இதை மட்டும் சின்னப் பையில தனியா போட்ரு மாப்ள, கைக்கு எட்டுற மாதிரி இருக்கட்டும்" என்றான். சரி என்றேன். ஒரு சின்னப் பையில் எல்லோருடைய பர்ஸும் கார் சாவியும் போய்விட்டது. மற்றதில் என் போனையும் பவர் பேங்கையும் வைத்தேன். வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத போன். அதிலேயே மருந்துப் பையையும் நுழைத்துப் பார்த்தேன், கொள்ளவில்லை. போனை வெளியே எடுத்திருக்கலாம். மருந்துப் பையைத்தான் எடுத்தேன்.

அது பெரிய பையில், போர்வைகளுக்கு மேலே போனது. அந்தப் பை ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருந்தது. காற்றை அமுக்கி வாயை மடித்தேன். ஒன்று, இரண்டு. மூன்றாவதற்குத் துணி இல்லை. ஒரு போர்வையை உருவியிருந்தால் மூன்றாவது மடிப்பு வந்திருக்கும். கிளிப் 'டக்'கென்று விழுந்துவிட்டது, அந்தச் சத்தமே போதும் என்றிருந்தது எனக்கு. மணி பதினொன்று. தொட்டி கொல்லைப்புறம், இருட்டு, கொசு. எழுந்து போகச் சோம்பலாக இருந்தது. அப்போதுதான் அவன் வந்து கேட்டான். நான் அந்த வார்த்தையைச் சொன்னேன்.

காலையில் பையை என் இருக்கைக்குப் பின்னால் வைத்தேன், வாய் கீழே இருக்கும்படி கவிழ்த்து. அப்பா மூட்டையைக் கவிழ்த்தது போல. கயாக்கில் தண்ணீர் மேலிருந்து வருவதில்லை. துடுப்பில் வடிகிறது, பக்கவாட்டில் தெறிக்கிறது, எல்லாம் போய் இருக்கைக்குப் பின்னால்தான் தேங்குகிறது. மதியம் வரை அரைச் சாண் உப்புத் தண்ணீரில் அந்தப் பையின் வாய் ஊறிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன், கீழே புல் அசைவதைக் குனிந்து குனிந்து பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கூவிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு தடவை சர்க்கரை இறங்குவது போலிருக்கிறது என்று, சட்டைப்பையில் வைத்திருந்த மிட்டாய் முழுவதையும் தின்று தீர்த்தான்.

கரையில் இறங்கிப் பையைத் தூக்கியபோதே கனம் காட்டிக்கொடுத்துவிட்டது. கிளிப்பை எடுத்துச் சாய்த்தேன், குடத்தைக் கவிழ்த்தது போல ஊற்றியது. மருந்துப் பையை நான்தான் திறந்தேன். இன்சுலின் பேனாக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. குளுக்கோஸ் கூழாகியிருந்தது. மீட்டரைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், அந்தச் சின்னத் திரைக்கு உள்ளே தண்ணீர். கையைச் சாய்த்தால், கொத்தனாரின் ரசமட்டத்தில் ஓடுவது போல ஒரு குமிழ் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. அவன் அதை வாங்கி இரண்டு தடவை பொத்தானை அமுக்கினான். பிறகு பையிலேயே போட்டான்.

போர்வைகளைத் தென்னைக்குத் தென்னை கயிறு கட்டி உலர்த்தினோம். சாயங்காலம் காய்ந்தது போல மொடமொடவென்று இருந்தன. இருட்டியதும் திரும்ப நசநசத்தன. உப்பு ஏறிய துணி அப்படித்தான். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் உப்பே தண்ணீரை இழுத்துக்கொள்ளும், கடற்கரை ராத்திரியில் ஈரம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். நல்ல தண்ணீரில் அலசாத வரை அது காயாது. குடிக்கக் கொண்டுபோன கேன் தண்ணீரை அதற்கு ஊற்ற முடியுமா?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் அவன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். எவ்வளவு என்று மீட்டர்தான் சொல்ல வேண்டும். குத்துமதிப்பாக, வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைத்துப் போட்டுக்கொண்டான். மதியம் வரை துடுப்புப் போட்ட உடம்பு, வேலையை நிறுத்திய பிறகும் பல மணி நேரம் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். அவன் குறைத்தது போதவில்லை. ஒரு மணிக்கு முனகல் கேட்டு எழுந்தேன். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பேச்சு குழறியது. என் பெயரைச் சொல்ல வந்து, வேறு யாரோ பெயரைச் சொன்னான். நாங்கள் நாலு பேரும் ஆளுக்கொரு டார்ச்சை அடித்துக்கொண்டு நின்றோமே தவிர, என்ன செய்வதென்று ஒருவருக்கும் ஓடவில்லை. ஓடியவன் அந்தத் தம்பிதான். தோப்புக் காவல்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு சொம்புத் தண்ணீரில் கருப்பட்டியைக் கரைத்துக் கொண்டுவந்தான். அவன் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு வாய் வாயாகப் புகட்டினான். கால் மணி நேரம் கழித்து என் சிநேகிதன் கண்ணைத் திறந்து, "என்னடா எல்லாரும் நிக்கிறீங்க" என்றான்.

காலையில் எங்களில் ஒருவன் அந்தத் தம்பியைப் பிடித்துக்கொண்டான். ஓட்டைப் பையைக் கொடுத்து ஆளைக் கொல்லப் பார்த்தீர்களா என்று கத்தினான். தம்பி பையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தான். "மன்னிச்சுக்கங்கண்ணே" என்றான். எனக்குத் தொண்டை அடைத்தது. அடைத்தது என்று சொல்வதும் ஒரு சாக்குத்தான். பேச முடிந்தது, பேசவில்லை. கரைக்குத் திரும்பியதும் வாடகையில் ஆயிரம் ரூபாய் கழித்துக் கொடுத்தார்கள். பயணக் கணக்கு என் பொறுப்பு. நோட்டில் 'பை ஓட்டை, வரவு 1,000' என்று என் கையால் எழுதினேன். மண்டியில் ஒரு நாள்கூடப் பொய்க்கணக்கு எழுதாதவன் என்று அதுவரை என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்து அதே மாதிரிப் பை ஒன்றை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் டிரம்மில் தண்ணீர் பிடித்து, பழைய தினத்தாளை உள்ளே வைத்து, மூன்று மடிப்பு மடித்து, கல்லைக் கட்டி அமுக்கினேன். ஒரு மணி நேரம் கழித்துத் தாள் மொறுமொறுவென்று வெளியே வந்தது. பிறகு பிதுங்கப் பிதுங்கத் துணியைத் திணித்து, இரண்டே மடிப்பு மடித்து, வாய் கீழே இருக்கும்படி அமுக்கினேன். பத்து நிமிஷம் ஆகவில்லை, தாள் கையோடு பிய்ந்து வந்தது. எனக்குத் தெரியாத ஒன்றை அந்த டிரம் சொல்லிவிடவில்லை. அன்று ராத்திரி அந்தத் தம்பிக்குப் போன் செய்தேன்.

நான் முழுதாகச் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தான். "தெரியும்ணே. திரும்பி வந்த அன்னைக்கே பையை ஊதிப் பாத்தேன். காத்து இறங்கல" என்றான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "வந்தவங்ககிட்ட மல்லுக்கு நிக்கக் கூடாதுல்ல" என்றவன், "அந்த அண்ணனுக்கு இப்ப எப்பிடி இருக்கு?" என்று விசாரித்தான். ஆயிரம் ரூபாயை அவன் சம்பளத்தில்தான் பிடித்திருந்தார்கள். பணத்தை அவனுக்கே அனுப்பினேன், அவன் முதலாளியிடமும் பேசி நடந்ததைச் சொன்னேன். அன்று காலை நாலு பேர் முன்னால் அவன் வாங்கிக்கொண்ட பேச்சை எந்தப் பணத்தில் திருப்பிக் கொடுப்பது?

சிநேகிதனிடம் சொல்ல இன்னும் ஐந்து மாதம் எடுத்துக்கொண்டேன். அவன் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து, சின்னப் பை, போன், இரண்டு மடிப்பு, தொட்டி, ஒன்று விடாமல் சொன்னேன். வெகுநேரம் அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உன் போன் நனையல, இல்ல?" என்று கேட்டான். நனையவில்லை என்றேன். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

அடுத்த தைப்பூசத்துக்கு, வருஷா வருஷம் போவது போல, திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் சேர்ந்தே நடந்தோம். தைப் பனி சட்டையை நனைத்துக்கொண்டிருந்தது. மருந்துப் பையை அவன் ஒரு சின்ன டிரை பேக்கில் போட்டு, வாயை மூன்று மடிப்பு மடித்து, நெஞ்சோடு மாட்டியிருந்தான். ஒட்டன்சத்திரம் நெருங்கும்போது அவன் கால் பின்னியது. கொஞ்ச தூரம் நான் தூக்கி வருகிறேன், கொடு என்று கையை நீட்டினேன்.

"இருக்கட்டும் மாப்ள, நானே வச்சுக்கிறேன்" என்றான்.